மூச்சு வாங்கும் பாதை

லடாக்குக்குப் போய் வந்தவர்கள் மலைகளைப் பற்றிச் சொல்வார்கள். நீல ஏரிகளைப் பற்றியும், குன்றின்மேல் நிற்கும் புத்த மடங்களைப் பற்றியும் சொல்வார்கள். நாம் காற்றைப் பற்றிச் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். சென்னையில் வசிக்கும்வரை காற்று என்று ஒரு பொருள் உண்டு என்பதே நமக்கு நினைவிருப்பதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் கடற்காற்று வரத் தாமதித்தால் மாத்திரம் அதைக் கொஞ்சம் வைகிறோம். அதற்கும் கணக்கு உண்டு, விலை உண்டு, அதில் கலந்து வரும் மண்ணுக்குத் தண்டனையும் உண்டு என்பதை 2022ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், மணாலியிலிருந்து லே நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் சென்றபோதுதான் அறிந்துகொண்டோம்.

நம்முடன் வந்த நண்பர் ஒரு கலாசாலையில் பௌதிகம் போதிப்பவர். இருவரும் 2019ஆம் வருஷம் ஒரே மாதத்தில், ஒரே ஜாதி வண்டியாக ஆளுக்கொன்று வாங்கினோம். தார் ரோட்டிலும் கரட்டுப் பாதையிலும் ஒருங்கே ஓடத் தக்க 'டூயல் ஸ்போர்ட்' வகை அது. உயர்ந்த கால், நீண்ட ஸ்பிரிங், பெரிய முன்சக்கரம், மெலிந்த தேகம். பார்த்தால் பாறை மேல் ஏறப் பிறந்த வெள்ளாடுபோல் இருக்கும். ஒற்றைச் சிலிண்டர், இருநூறு சி.சி., கார்புரேட்டர் வைத்த வண்டி. அதன் பலம் சுமார் பதினெட்டுக் குதிரை.

பதினெட்டு போதும் என்பது நண்பரின் கட்சி. இன்னும் இரண்டு கிடைத்தால் நல்லதுதானே என்பது நம்முடைய கட்சி. இந்தக் கதை முழுவதும் அந்த இரண்டு குதிரைகளால் வந்தது.

மூக்கை அறுத்த படலம்

இவ்வகை வண்டியின் ஆசனத்தைக் கழற்றினால் அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தென்படும். அதுதான் 'ஏர் பாக்ஸ்'. யந்திரம் உள்ளிழுக்கும் காற்றெல்லாம் முதலில் இதற்குள்தான் வருகிறது. பெட்டியின் வாயில் ஒரு சிறு ரப்பர்க் குழல் செருகியிருக்கும். அதை நாம் மூக்கு என்றே அழைப்போம். மூக்கின் வழியே வந்த காற்று, மடிப்பு மடிப்பாக அமைந்த காகித வடிகட்டியில் தூசியை விட்டுவிட்டு, கார்புரேட்டருக்குள் புகுந்து, அங்கே ஒரு பித்தளைத் துவாரத்தின் வழியாகக் கசியும் பெட்ரோலைக் கலந்துகொண்டு சிலிண்டருக்குள் போகிறது. அந்தப் பித்தளைத் துவாரத்துக்கு 'ஜெட்' என்று பெயர்.

பிரயாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, வண்டிகளைப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவரிடம் நம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் ஆசனத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஸார், இந்த மூக்குத்தான் வண்டியைத் திணற அடிக்கிறது. இதைப் பிடுங்கிவிட்டு, மூடியில் நாலு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டால் வண்டி பறக்கும்" என்றார். பறக்கும் என்ற சொல்லைக் கேட்ட பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? மூக்கு போயிற்று. மூடியில் ஜன்னல் வைத்தாயிற்று. காகித வடிகட்டிக்குப் பதிலாக, எண்ணெய் தடவிய பருத்தி வலையால் ஆன வடிகட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதிகக் காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும் அல்லவா? அதற்காக ஜெட்டையும் சற்றுப் பெரியதாக மாற்றினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், முட்டுக்காட்டைத் தாண்டி மாமல்லபுரம் போகும் சாலையில் இரு வண்டிகளுக்கும் பரீட்சை நடந்தது. இருவரும் பக்கத்தில் பக்கமாக மூன்றாம் கியரில் சென்று, கையசைத்ததும் முறுக்கினோம். நம் வண்டி கர்ஜித்தது. அதுவரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த யந்திரம் இப்போது தொண்டையைத் திறந்து பேசிற்று. அரை மைல் தூரத்தில் நண்பருக்கு இரண்டு வண்டி நீளம் முன்னால் இருந்தோம். வெற்றி வீரனைப்போல் திரும்பிப் பார்த்தோம்.

நண்பர் நிதானமாக வந்து சேர்ந்து, "இரண்டு வண்டி நீளத்துக்கு இத்தனை சத்தம் அவசியமா?" என்று கேட்டார். பிறகு, கழற்றிய சாமான்களை என்ன செய்தீர் என்று விசாரித்தார். குப்பையில் போடவிருந்த மூக்கையும், காகித வடிகட்டியையும், சின்ன ஜெட்டையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடித் தம் மூட்டையில் வைத்துக்கொண்டார். "மலைக்குப் போகிறோம், இருக்கட்டும்" என்றார்.

மூச்சின் கணக்கு

அன்று மாமல்லபுரத்தில் இட்டிலி தின்றுகொண்டே அவர் சொன்ன கணக்கை வாசகர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது. நம் வண்டியின் யந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறது. நிமிஷத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றினால் 4,000 மூச்சு. ஒரு மூச்சுக்குக் கால் லிட்டருக்கும் குறைவான காற்றுத்தான். ஆயினும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 800 லிட்டர் ஆகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் நிமிஷத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்று இழுக்கிறான். ஆகவே, முழு வேகத்தில் ஓடும் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் நூறு மனிதர்களின் மூச்சைத் தான் ஒருத்தியாக இழுத்து விடுகிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, நிறையில் பதினைந்து பங்குக்குச் சற்றே குறைந்த காற்று வேண்டும். கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் காற்று ஆகும். பெட்ரோலுக்கு மாத்திரம் நாம் பணம் கொடுக்கிறோம். வண்டி பெரும்பாலும் உண்பதோ காற்றைத்தான்.

அப்படியானால் இவ்வளவு பெரிய பசிக்கு ஏன் இத்தனை சிறிய மூக்கு வைத்தார்கள்? அதற்கும் காரணம் உண்டு. யந்திரம் மூச்சு இழுக்கும் ஓசையை அது அடக்குகிறது. சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரும் சேறும் பெட்டிக்குள் போகாமல் தடுக்கிறது. குழலின் நீளத்தால் காற்றில் ஒரு தாளம் உண்டாகி, நடுத்தர வேகத்தில் இழுப்புக்கு உதவியாகவும் இருக்கிறது. மூக்கை எடுத்தால் உச்ச வேகத்தில் கொஞ்சம் லாபம். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஓசைதான் லாபம். காது கேட்பதைக் கை உணர்ந்ததாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு.

இவ்வளவையும் கேட்டுத் தலையை ஆட்டினோம். ஆனால் மூக்கைத் திரும்ப வைக்கவில்லை.

சுரங்கத்துக்கு அப்பால்

ரயிலில் வண்டிகளை ஏற்றும்போது தொட்டியிலுள்ள பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட வேண்டும். அப்படி வடித்து, டில்லியில் இறக்கி, மீண்டும் ஊற்றி, சண்டிகர் வழியாக மணாலி சேர்ந்தோம். மணாலி 2,050 மீட்டர் உயரத்தில் தேவதாரு மரங்களின் நிழலில் இருக்கிறது. அங்கேயே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான்.

முன்காலத்தில் இங்கிருந்து வடக்கே போகிறவர்கள் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோஹ்தாங் கணவாயை ஏறி இறங்க வேண்டும். மாரிக்காலத்தில் பனி மூடிவிட்டால் லாஹூல் பள்ளத்தாக்கின் ஜனங்கள் மாதக்கணக்கில் உலகத்தோடு தொடர்பின்றி இருந்தார்கள். 2020ஆம் வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி திறந்த அடல் சுரங்கம் அந்தச் சிறைக் கதவை உடைத்தது. மலையின் வயிற்றுக்குள் ஒன்பது கிலோமீட்டர் நீளம்! ஒரு வாயில் மழையும் பசுமையுமாக நுழைந்தோம். மறு வாயில் வெயிலும் வறண்ட பாறையுமாக வெளிவந்தோம். ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. ஆனால் இரண்டும் நம் தேசமே என்று நினைத்தபோது மனசுக்குள் ஒரு பெருமிதம் எழுந்ததை மறைக்க வேண்டியதில்லை.

தாண்டி என்ற இடத்தில் சந்திரா நதியும் பாகா நதியும் கலந்து சந்திரபாகா ஆகின்றன. பஞ்சாபில் செனாப் என்று பெயர் பெறுவது இதுதான். அங்கே தொட்டியை நிரப்பிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அடுத்த முந்நூற்றறுபத்தைந்து கிலோமீட்டர்ப் பாதை அதற்குக் குறைந்த ஜாக்கிரதையைச் சகிக்காது. கேலாங் நகரத்தைக் கடந்து, பாகா நதிக்கரையில் ஜிஸ்பா என்ற சிற்றூரில் அன்றிரவு தங்கினோம். அதுவரை வண்டி நன்றாகவே ஓடிற்று. நாம் நண்பரைக் கொஞ்சம் ஏளனமாகவும் பார்த்திருக்கலாம்.

ஓடையில் ஒரு தும்மல்

மறுநாள் காலையில் சீக்கிரம் புறப்பட வேண்டும் என்று ஜிஸ்பா விடுதிக்காரர் எச்சரித்திருந்தார். காரணம் இந்தப் பாதையின் குறுக்கே ஓடும் பனியோடைகள். இரவில் உறைந்து கிடக்கும் பனி, வெயில் ஏற ஏற உருகுகிறது. காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும். நாமோ இரண்டாம் முறை தேநீர், மூன்றாம் முறை தேநீர் என்று உட்கார்ந்திருந்துவிட்டு, தார்ச்சாவையும் தீபக் தாலையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஜிங்ஜிங்பாரை நெருங்கும்போது உச்சி வேளை தாண்டிவிட்டது.

ஓடை பாறைகளுக்கிடையே சீறிக்கொண்டிருந்தது. நண்பர் முதல் கியரில், வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும், யானை ஆற்றைக் கடப்பதுபோல் கடந்து போனார். நாம் பின்தொடர்ந்தோம். நட்ட நடுவில் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதித் தண்ணீர் வாரியடித்தது. அது நேரே மூடியில் வெட்டிய ஜன்னலுக்குள் புகுந்தது. வண்டி ஒரு தும்மல் தும்மிற்று, நின்றுவிட்டது. பனி உருகிய தண்ணீரில் முழங்கால்வரை நின்று வண்டியைத் தள்ளிக் கரை சேர்த்தோம். கால்கள் நம்முடையவைதானா என்று சந்தேகம் வரும்படி மரத்துவிட்டன.

"ஸ்டார்ட் பண்ணாதீர்!" என்று நண்பர் கத்தினார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும்போது யந்திரத்தைச் சுழற்றினால் உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டு வளைந்துபோகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சும்மா சுழற்றி, உள்ளிருந்த ஈரத்தை வெளியேற்றினோம். அதிர்ஷ்டவசமாக ஓரிரு சொட்டுத்தான் போயிருந்தது. வடிகட்டியைப் பிழிந்து வெயிலில் காய வைத்தோம். நண்பர் பிஸ்கட் டின்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

பாராலாச்சாவில் திணறல்

பாகா நதி பிறக்கும் சூரஜ் தால் என்ற சிறு ஏரி, மலை நடுவே பச்சைக் கண்ணாடித் துண்டுபோல் கிடக்கிறது. அதற்கு மேலே பாராலாச்சா கணவாய். உயரம் சுமார் 4,890 மீட்டர்; அடிக்கணக்கில் பதினாறாயிரம். ஏற ஏற நம் வண்டியின் கர்ஜனை மழுங்கி, இருமலாக மாறி, கடைசியில் ஈனஸ்வரமாயிற்று. புகைக்குழாயில் கரும்புகை. முதல் கியரிலும் அழுதது. நண்பர் வண்டியும் சோர்ந்துதான் ஏறிற்று. ஆனால் ஏறிற்று. நம்முடையது கணவாய்க்கு முன்னூறு அடி இருக்கையில் உட்கார்ந்துவிட்டது.

பிளக்கைக் கழற்றினோம், அடுப்புக்கரிபோல் இருந்தது. காரணம் நண்பர் சொல்லித் தெரிந்தது. ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு அறுபது. யந்திரம் முன்போலவே வயிறு நிறைய இழுக்கிறது. ஆனால் உள்ளே போவது அறுபது பங்குக் காற்றுத்தான். கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறதா என்றால், குறைக்கிறது. ஆனால் போதிய அளவு குறைப்பதில்லை. காற்று நூற்றுக்கு அறுபதாகும்போது பெட்ரோல் சுமார் எழுபத்தேழில் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே நாம் பெரிய ஜெட் வைத்திருந்தோம். ஆகையால் வண்டி காற்றுக்காகத் திணறும்போது அதன் வாயில் மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்குகிறவனுக்கு லட்டு ஊட்டிய கதைதான்.

மூக்கை அறுத்ததால் காற்று கூடவில்லையா என்று கேட்கலாம். கதவை எத்தனை அகலமாகத் திறந்து வைத்தாலும், வெளியே இல்லாதது உள்ளே வராது. காற்றைப் பலவந்தமாக அமுக்கித் திணிக்க வேண்டுமானால் அதற்குத் தனி யந்திரம் வேண்டும். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்பிரெட் பூகி 1905ஆம் வருஷம் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 'டர்போ' என்று லாரிக்காரர்கள் சொல்வது அதன் வம்சம். 2020க்குப் பிறகு நம் நாட்டில் வந்த புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. காற்றின் அளவை அறிந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அவை நம் வண்டியைப்போல் கரும்புகை கக்கா. ஆனால் அவற்றுக்கும் இல்லாத காற்றைப் படைக்கத் தெரியாது. அவையும் மலையில் பலம் இழக்கவே செய்கின்றன.

அச்சமயம் புனாவிலிருந்து வந்த வாலிபர் கோஷ்டி ஒன்று அங்கே நின்றது. அவர்களில் ஒருவர் நம் நிலைமையைப் பார்த்து இரங்கி, "வடிகட்டியை எடுத்து எறியுங்கள். அப்புறம் பாருங்கள்" என்றார். எடுத்தோம். ஆச்சரியம்! வண்டி விக்கலை விட்டு எழுந்தது. தடை நீங்கியதால் கார்புரேட்டர் பெட்ரோலை இழுப்பது சற்றுக் குறைந்து, கலவை ஓரளவு சரிப்பட்டது. கணவாயின் மேல் கட்டியிருந்த வர்ணக் கொடிகளுக்கிடையே நாம் வெற்றியுடன் போய் நின்றோம்.

நண்பர் மாத்திரம் முகத்தைச் சுளித்தார். "உச்சியைத் தாண்டியதும் திரும்ப வைத்துவிட வேண்டும்" என்றார். "பார்க்கலாம்" என்றோம். அந்தப் 'பார்க்கலாம்' நமக்கு மிகவும் விலை பிடித்தது.

ஸர்ச்சுவில் ஓர் இரவு

ஸர்ச்சு என்பது ஹிமாசலப் பிரதேசத்துக்கும் லடாக்குக்கும் எல்லையில் உள்ள விசாலமான சமவெளி. உயரம் 4,290 மீட்டர். கோடைக் காலத்தில் கூடாரங்கள் முளைக்கும். அங்கே நாம் தூங்கவில்லை; படுத்திருந்தோம் என்று சொல்லலாம். தலைக்குள் யாரோ உரல் இடிப்பதுபோல் வலி. நண்பருக்கு ஒரு கவளம் சோறு உள்ளே இறங்கவில்லை. கண்ணயர்ந்தால் மூச்சு நின்று, திடுக்கிட்டு விழிப்பு வரும்.

ஆனால் மனித தேகத்தில் ஒரு விந்தை இருக்கிறது. காற்று மெலிந்தால் அது முதலில் வேகமாக மூச்சு விடுகிறது. நாட்கள் செல்லச் செல்ல ரத்தத்தையே திருத்திக்கொள்கிறது. சில வாரங்களில் சிவப்பு அணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. அவசரப்படாமல், படிப்படியாக உயரம் ஏறுகிறவனுக்கு மலை இடம் கொடுக்கிறது. யந்திரத்துக்கு அந்த வித்தை தெரியாது. அதற்காக நாம்தான் யோசிக்க வேண்டும். அன்றிரவு யோசிக்கும் நிலையில் நாம் இல்லை.

விபூதி

மறுநாள் காடா வளைவுகள். ஒரே மலைச்சரிவில் இருபத்தொரு கொண்டையூசி வளைவுகள். ஒரு வளைவில் தண்ணீர்ப் புட்டிகள் குவிந்து கிடந்தன. பனியில் தனியே விடப்பட்டுத் தாகத்தால் இறந்துபோன லாரிக் கிளீனர் ஒருவனின் ஆவி அங்கே வழிப்போக்கரிடம் தண்ணீர் கேட்பதாக நம்பிக்கை. போகிறவர்கள் ஒரு புட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். நாமும் ஒன்று வைத்தோம்.

பிறகு நாகீ லா, லாச்சுங் லா என்ற இரண்டு கணவாய்கள். லாச்சுங் லாவிலிருந்து பாங் வரை இறங்கும் பாதை அந்த வருஷம் பாதையே அல்ல. மாவு போன்ற புழுதி. ராணுவ லாரிகள் அணியாக எதிரே வந்தன; ஒவ்வொன்றும் ஒரு மேகத்தை இழுத்துக்கொண்டு வந்தது. நாம் கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டோம். வண்டியின் மூக்கு திறந்தபடியே இருந்தது.

பாங்கில் ராணுவ முகாமும் சில தேநீர்க் கூடாரங்களும் உண்டு. வண்டிகளை நிறுத்தியதும் நண்பர் ஒன்றும் பேசாமல் நம் வண்டியின் ஆசனத்தைக் கழற்றினார். கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்து நம் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலில் விபூதி பூசினாற்போல் சாம்பல் நிறப் புழுதி! அதைக் கட்டை விரலால் தேய்த்தார். நறநறவென்று சத்தம் கேட்டது.

"120 கிலோமீட்டர். இதில் எவ்வளவு உள்ளே போயிற்று என்று நினைக்கிறீர்?" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. அந்தப் புழுதியில் பெரும்பகுதி படிகக் கல்லின் தூள். இரும்பைக் காட்டிலும் கடினமானது. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள துகள்கள் எண்ணெயோடு கலந்து, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சாணைக் கல்லின் வேலையைச் செய்கின்றன. நமக்கு இன்னும் தங்லாங் லா ஏற வேண்டியிருந்தது. நடுவழியில் யந்திரம் நின்றுபோனால் லாரியில் போட்டுக்கொண்டு போவதைத் தவிர வேறு கதியில்லை.

பக்கத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வயதான சர்தார்ஜி லாரி டிரைவர் ஒருவர் எழுந்து வந்து பார்த்தார். விஷயத்தை ஊகித்துக்கொண்டு, நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போய்த் தமது லாரியைக் காட்டினார். அசோக் லேலண்ட் லாரி. எண்ணூரில் தொடங்கிய குலம். அதன் முன்கூண்டுக்குப் பின்னால் ஒரு குழாய் கூரைக்கு மேலே நீண்டிருந்தது. "மூக்கை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறான், பாருங்கள். புழுதி கீழே, மூச்சு மேலே. கீழே இருக்கும் வடிகட்டி உங்கள் தலையைவிடப் பெரியது. இந்தப் பாதையில் பலம் குறைந்தால் மெல்லப் போகலாம். மண்ணைத் தின்றால் வீட்டுக்கே போக முடியாது" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். பாதி புரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பிஸ்கட் டின் திறந்தது. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினோம். பெரிய ஜெட்டை எடுத்துவிட்டுச் சின்னதைப் பூட்டினோம். மூக்கு தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. காகித வடிகட்டியும் உட்கார்ந்தது. மூடியில் வெட்டிய ஜன்னலுக்கு மாத்திரம் டின்னில் மருந்தில்லை. நம்மிடமிருந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை வெட்டி அதன் மேல் வைத்து, துணி நாடாவால் சுற்றிலும் ஒட்டினோம். விரலால் தடவித் தடவி ஒரு மயிரிழை இடுக்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேர வேலை. 4,600 மீட்டர் உயரத்தில் ஒரு திருகாணியை முறுக்கினாலே இளைக்கிறது.

வண்டியை உதைத்தோம். பழைய முணுமுணுப்பு! அத்தனை இனிமையான சங்கீதத்தை அதற்கு முன் கேட்டதில்லை.

பாதை போடுகிறவர்கள்

பாங்குக்கு மேலே ஏறினால் மோரே சமவெளி. நாற்பது கிலோமீட்டர், மலையுச்சியில் ஒரு மைதானம். தூரத்தில் காட்டுக் கழுதைகள் கூட்டமாக ஓடின. இரு வண்டிகளும் ஒரே குரலில் பாடிக்கொண்டு போயின. அதன் முடிவில் தங்லாங் லா, 5,328 மீட்டர். அங்கே பதினெட்டுக் குதிரைகளில் நமக்கு மிஞ்சியவை பத்துத்தான் இருக்கும். இரண்டாம் கியரில், மாட்டு வண்டி வேகத்தில், நிற்காமல் ஏறினோம். நம் வண்டியும் நண்பர் வண்டியும் ஓர் அடிகூட முன்பின் இல்லை.

கணவாயை இறங்கும் வழியில் ஒரு பையன் சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்தினான். பாதை செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1960ஆம் வருஷம் தொடங்கிய எல்லைச் சாலை ஸ்தாபனத்தின் மேற்பார்வையில், கோடைதோறும் இந்த மலைகளில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்து, முக்கியமாக தும்கா ஜில்லாவிலிருந்து, ஆயிரக்கணக்கான ஏழைகள் வருகிறார்கள். கொடி பிடித்த பையனும் தும்காதான். அவனுக்குப் பின்னால் கல்லை உடைக்கிறார்கள், ஜல்லியைக் கொட்டுகிறார்கள், தார் பீப்பாயின் அடியில் நெருப்பு மூட்டுகிறார்கள். புழுதியும் புகையும் சேர்ந்து ஆட்களே மங்கலாகத் தெரிந்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் நாம் ஆசனத்தைக் கழற்றி நாடா ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்த்தோம். பையன் குனிந்து பார்த்தான். இது எதற்கு என்று கேட்டான். யந்திரத்துக்குள் தூசி போகாமலிருக்க என்றோம். அவன் தலையை ஆட்டிவிட்டு, முகத்தில் சுற்றியிருந்த பழந்துணியைச் சற்று இறுக்கிக் கட்டிக்கொண்டான். துணியில் மூக்கு இருக்கும் இடம் கறுத்திருந்தது.

அவன் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. ஆயினும் நாம் வெட்கித் தலைகுனிந்தோம். லடாக்கில் சுரங்கங்களே இல்லாத ஸ்தோக், சூச்சோட் கிராமங்களில், சுரங்கத் தொழிலாளருக்கு வருவது போன்ற கல்தூசி நோய் சுவாசப்பைகளில் இருப்பதை டாக்டர் ஸெரிங் நோர்பூ முதலியவர்கள் 1991ஆம் வருஷத்திலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். காற்றில் பறக்கும் புழுதியே அதற்குக் காரணம். சும்மா வசிப்பவர்களுக்கே இப்படியென்றால், அந்தப் புழுதியைக் கிளப்பும் வேலையையே செய்பவர்களுக்கு எப்படி? சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து புதுப்பிக்கலாம். சுவாசப்பைக்கு அப்படி ஒரு பட்டறை இல்லை.

நண்பரின் மூட்டையில் கொரோனா நாட்களில் வாங்கிய முகக்கவசங்கள் ஒரு பெட்டி இருந்தன. ஐம்பதுக்குக் குறையாது. அதைப் பையனிடம் கொடுத்தார். அவன் ஓடிப்போய் மேஸ்திரியிடம் கொடுத்தான். மேஸ்திரி ஆளுக்கு ஒன்றாக எண்ணி விநியோகித்தார். கடைசியில் தமக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். இரண்டு நாளைக்கு வரும். அதற்கு அப்புறம்? நம் தேசத்தின் எல்லையைக் காப்பவர்களுக்கு உணவும் உடையும் இந்தப் பாதை வழியாகத்தான் போகின்றன. பாதை போடுகிறவனின் மூச்சும் தேசத்தின் காவலில் சேர்ந்ததுதான் என்று நாம் எல்லோரும் நினைத்தால், அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

லே நகரில் எண்ணெயை மாற்றினோம். வடித்த எண்ணெயில் மினுமினுப்பு இருந்தது. சென்னை திரும்பி யந்திரத்தைப் பிரித்தபோது சிலிண்டரில் நீளவாட்டில் கீறல்கள். கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, ஒரு மாதச் சேமிப்பு கரைந்தது. தவறு முழுவதும் நம்முடையது. பழுது பார்த்தவர் சமவெளிக்குச் சொன்னார். நாம் மலைக்குக் கொண்டுபோனோம்.

மலைக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டர் வண்டியானால் சிறிய ஜெட் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வடிகட்டியைத் தட்டித் தூசி போக்குங்கள். பெட்டி இடுக்கில்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள். மூக்கை அறுக்காதீர்கள். மூட்டையில் இடமிருந்தால் நல்ல முகக்கவசங்கள் நூறு வைத்துக்கொள்ளுங்கள்; கொடுக்க வேண்டிய கைகளை வழியிலேயே காண்பீர்கள்.

நம் வண்டிக்கு இப்போது புது மூடி போட்டாகிவிட்டது. பிஸ்கட் டின் காலியாக நண்பர் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கேட்டோம்; "இருக்கட்டும்" என்கிறார்.